பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளக்கும் வினாப்பட்டியல்: மொழிபெயர்த்தால் மட்டும் போதாதது ஏன்?

புது தில்லி: பகலில் அடிக்கடி கண்ணயர்பவருக்கு உறக்கத்தில் மூச்சுத்தடை போன்ற நோய் இருக்கக்கூடுமா என்பதை அறியும் தொடக்கநிலை மதிப்பீட்டுக்கு, எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. 'எப்வொர்த் தூக்கக் கலக்க அளவுகோல்' எனப்படும் இதனை வேறொரு மொழிக்குக் கொண்டுவரும்போது, புதிய வடிவமும் அதே நிலையைத்தான் அளக்கிறதா என்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

அளவுகோல் என்பது என்ன?

ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ், மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் இதனை உருவாக்கி 1991-ஆம் ஆண்டு வெளியிட்டார். அமர்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, காரில் ஒரு மணி நேரம் பயணிக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் அளிக்க வேண்டும். மொத்தம் 24 மதிப்பெண்கள். 10-க்கு மேல் சென்றால் மிகுதியான தூக்கக் கலக்கமாகக் கருதப்படுகிறது.

சிக்கல் எங்கே?

ஒரு கேள்விக்கு விடை விடுபட்டாலும் மொத்த மதிப்பெண் செல்லாது. எட்டில் இரண்டு கேள்விகள் கார் தொடர்பானவை. ஒன்று வாசிப்பு பற்றியது. காரில் செல்லும் வழக்கமில்லாதவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே தடுமாறுவர். அனுபவம் இல்லையெனில் ஊகித்து விடையளிக்குமாறு வினாப்பட்டியல் கூறினாலும், அது எல்லோருக்கும் எளிதன்று.

காருக்குப் பதிலாகப் பேருந்து என மாற்றலாம். ஆனால் பேருந்தின் இரைச்சலும் நெரிசலும் வேறு. எனவே 10 என்ற எல்லைக்கோடு அப்போதும் பொருந்துமா என்பதை மீண்டும் ஆராய வேண்டும்.

சொல்லிலும் கவனம் தேவை. வினாப்பட்டியல் கேட்பது கண்ணயர்வதைப் பற்றியே தவிர, களைப்பைப் பற்றி அன்று. தமிழில் 'அசதி' என்று எழுதினால் இரண்டில் எது என்ற குழப்பம் எழும்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில் உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும். பின்னர் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, இரண்டும் ஒன்றாக்கப்படும். மூலத்தைப் பார்க்காத வேறு சிலர் அதனை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவர். வேறுபாடுகளை மருத்துவரும் மொழி வல்லுநரும் அடங்கிய குழு களையும். அடுத்து, 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் எனக் கேட்டறியப்படும்.

அதன் பிறகே புள்ளியியல் சோதனை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்திசைவதைக் காட்டும் குரோன்பாக் ஆல்பா மதிப்பு 0.7 அல்லது அதற்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது. ஜான்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இது நோயாளிகளிடம் 0.88 ஆகவும், மாணவர்களிடம் 0.73 ஆகவும் இருந்தது. 87 மாணவர்களிடம் ஐந்து மாதங்களுக்குப் பின் மீண்டும் கேட்டபோது, இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான தொடர்பு 0.82 ஆக இருந்தது. மேலும், நோயாளிகளின் மதிப்பெண் நலமுடையோரைவிட அதிகமாக இருப்பதும், சிகிச்சைக்குப் பின் குறைவதும் அளவுகோலின் ஏற்புடைமைக்குச் சான்றாகும்.

இந்தியாவில், வட இந்தியர்களுக்கென மாற்றியமைக்கப்பட்ட ஹிந்தி வடிவத்தின் ஆய்வு முடிவுகள் 2016-இல் வெளியாகின.

ஏன் முக்கியம்?

பிழையான வடிவத்தில் குறைந்த மதிப்பெண் பெறும் லாரி ஓட்டுநர், நோய் இருந்தும் மேல்பரிசோதனையின்றித் திருப்பி அனுப்பப்படலாம். நோயற்ற ஒருவர் தேவையின்றி உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவைக் கழிக்க நேரிடலாம்.

இந்த மதிப்பெண் மட்டுமே நோயை உறுதிசெய்வதில்லை. வாகனம் ஓட்டும்போது கண்ணயர்பவர்கள், மதிப்பெண் எதுவாயினும் மருத்துவரை அணுகுவது அவசியம்.