நெவேர் எஃப்ரேம் அடிகளார்: சென்னைக் கோட்டையில் ஒரு துறவியின் ஐம்பது ஆண்டுகள்

முன்னுரை

ராஜபாளையம் வட்டாரத்தாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள திருமலை நாயக்கர் அரண்மனை கண்ணுக்குப் பழகிய கட்டடம். அந்த நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரைச் சீமையை ஆண்டார். காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் கற்று, மதுரையில் மறைபணி தொடங்கிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலியின் பிற்காலம் இந்த ஆட்சியில்தான் கழிந்தது. நொபிலியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டுகளில் வடக்கே, அப்போதுதான் முளைவிட்டிருந்த சென்னைப்பட்டணத்தில் ஆன்ம குருவாகவும் ஆசிரியராகவும் இருந்த பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ரேமுக்கோ நம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளே கிடைத்திருக்கின்றன. அவருடைய அதிகாரம் சபையோ அரசோ கொடுத்த பதவியிலிருந்து வந்ததல்ல, அவர் பணிசெய்த ஊராரின் நம்பிக்கையிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பர்மாவுக்குப் புறப்பட்டவர்

பிரான்சின் நெவேர் நகரைச் சேர்ந்த எஃப்ரேம் சென்னைக்கென்று வந்தவரல்லர். பர்மாவின் பெகு நாட்டில் மறைபணி செய்ய அனுப்பப்பட்டவர். சூரத்திலிருந்து தரைவழியாகக் கோல்கொண்டா வந்தார். அந்நாட்டு மன்னரின், கணிதத்தில் ஈடுபாடு கொண்டிருந்த மருமகன், வீடும் கோயிலும் கட்டித் தருகிறேன், இங்கேயே இருங்கள் என்று அவரை வேண்டியதாகப் பிரெஞ்சு வணிகப் பயணி தவெர்னியே எழுதுகிறார். அடிகளார் அதை ஏற்கவில்லை. பெகுவுக்குக் கப்பல் தேடி 1642-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த இடம் கிடைத்தது 1639-இல். கோட்டை எழத் தொடங்கியது 1640-இல். அருகே மயிலாப்பூரில் போர்த்துகீசியர் வசமிருந்த சாந்தோமிலிருந்து போர்த்துகீசியக் கத்தோலிக்கர் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தார்கள். கோட்டைக் காவலுக்கும் ஊர் பெருகுவதற்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என எதற்கும் அவர்கள் சாந்தோம் குருக்களையே நாடினால், ஊரின் கடிவாளம் போர்த்துகீசியர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் கம்பெனிக்கு இருந்தது. பிரெஞ்சுக்காரரான துறவி ஒருவர் வந்து நின்றதும் அந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது. குடிமக்கள் அவரைத் தங்கச் சொல்லிக் கேட்டார்கள். தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கோகன் கோட்டைக்குள் கோயிலுக்கு இடம் கொடுத்தார். அந்த ஆண்டே ரோமாபுரியின் மறைபரப்புப் பேராயம் சென்னையைக் கப்புச்சின் சபையின் பொறுப்பில் தனி மறைபணிக் களமாக்கியது.

வீடே பள்ளிக்கூடம்

ஊரில் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் இல்லை. அடிகளார் தம் இல்லத்திலேயே பள்ளியைத் தொடங்கினார். ஐரோப்பிய முறையில் சென்னையில் நடந்த முதல் பள்ளி இதுவே என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஒப்பும் கருத்து. போர்த்துகீசியரின் பிள்ளைகளோடு ஆங்கிலேயரின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். துறைமுகங்களில் அன்று எல்லாருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துகீசியம். துபாஷி முதல் மாலுமி வரை வணிகம் அதில்தான் நடந்தது.

கத்தோலிக்கத் துறவி ஒருவரிடம் புராட்டஸ்டண்ட் பெற்றோர் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் தரப்பில் பிரிங்கிள் என்ற பிரசங்கியார் பள்ளி தொடங்கியது 1673-இல். அதுவரை ஒரு தலைமுறைக் காலம் ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்தது பெரும்பாலும் துறவியின் வீட்டில்தான்.

கோவாச் சிறை

சாந்தோம் குருக்களுக்கு அடிகளாரின் பணி பொறுக்கவில்லை. இந்தியாவில் ஆயரை நியமிப்பதும் குருக்களை ஆள்வதும் போர்த்துகல் மன்னரின் உரிமை. பதுரவாதோ எனப்பட்ட இந்த உரிமையின்படி 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அமைந்திருந்தது. ரோமாபுரி நேரே அனுப்பிய துறவி அதன் வாசலிலேயே கோயில் நடத்துவதை அங்கிருந்தவர்கள் அத்துமீறலாகக் கண்டார்கள். 1649-இல் சாந்தோமுக்குச் சென்றிருந்த எஃப்ரேமை, மதத் துரோகக் குற்றம் சாட்டி மத விசாரணை மன்றத்தின் (இன்க்விசிஷன்) ஆட்கள் பிடித்தார்கள். கோவாவுக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள்.

அவரை மீட்கக் கைகொடுத்தவர்களைப் பாருங்கள். தோழர் செனோன் அடிகளார், கோட்டையின் ஐரிஷ் படைத்தலைவரின் துணையோடு சாந்தோம் ஆளுநரையே சிறைபிடித்து, சென்னையில் தம் மடத்தில் அடைத்து வைத்தார். ஆளுநர் பிறகு தப்பிவிட்டார். கோல்கொண்டா சுல்தானோ, அடிகளாரை விடுவிக்காவிட்டால் சாந்தோமை முற்றுகையிடும்படி தம் தளபதி மீர் ஜும்லாவுக்கு ஆணை அனுப்பினார். 1652-இல் சென்னைக்கு வந்து இரு துறவிகளையும் சந்தித்த தவெர்னியே தரும் செய்திகள் இவை. பயணிகளின் எழுத்தில் வண்ணம் கூடியிருக்கலாம். ஆனால் கைதும் விடுதலையும் உறுதியானவை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து அடிகளார் சென்னைக்குத் திரும்பினார். கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்க மன்றம் சிறையிலிட்டது. அவருக்காக முஸ்லிம் மன்னரும் புராட்டஸ்டண்ட் கோட்டையும் நின்றார்கள்.

பீரங்கி முழங்கிய கோயில்

திரும்பியவர் பழைய வேலையைத் தொடர்ந்தார். ஆங்கிலேயருக்குக் கோட்டைக்குள் தனிக் கோயில் இல்லாத காலத்திலேயே அடிகளாரின் புனித அந்திரேயா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. 1670-களில் அக்கோயில் புதுப்பிக்கப்பட்டபோது ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார். ஆங்கிலக் குருமார் லண்டனுக்குப் புகார் எழுதினார்கள். கம்பெனி இயக்குநர்கள் ஆளுநரைக் கண்டித்தார்கள். ஆங்கிலேயரின் புனித மரியாள் கோயில் 1680 அக்டோபர் 28-இல்தான் அர்ச்சிக்கப்பட்டது.

எஃப்ரேம் 1690-களின் நடுவில் சென்னையிலேயே மறைந்தார். பெகுவுக்கு அவர் கடைசிவரை போகவில்லை.

பின்விளைவு

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும், கப்புச்சின்கள் பகைவருக்குத் துணைபோனார்கள் என்று சொல்லிக் கம்பெனி அவர்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றியது. அந்திரேயா கோயில் இடிக்கப்பட்டது. சபையின் பணி அர்மீனியன் தெருவுக்கு நகர்ந்தது. பாரிமுனை நெரிசலில் அத்தெருவுக்குள் நுழைந்தால் புனித மரியன்னை இணைப் பேராலயத்தின் வாயிலில் 1642 என்ற ஆண்டைக் காணலாம். இன்றுள்ள கட்டடத்தின் வயது அதுவல்ல. கப்பல் தேடி வந்த துறவி சென்னையில் தங்கிய ஆண்டு அது.

நொபிலி தம் கடைசி நாட்களை மயிலாப்பூரில் கழித்து 1656-இல் அங்கேயே இறந்தார். ஒருவர் பதுரவாதோவின் கீழ் வந்தவர், மற்றவர் மறைபரப்புப் பேராயம் அனுப்பியவர். நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில், ஒரே கடற்கரையில் இருவரும் வாழ்ந்தார்கள். இடையே நின்ற அந்த அதிகாரப் பிளவு முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. 1952-இல் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலாப்பூர் மறைமாவட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. சாந்தோம் கோயில் இணைந்த உயர்மறைமாவட்டத்தின் பேராலயமாயிற்று, அர்மீனியன் தெருக் கோயில் இணைப் பேராலயமாயிற்று. எஃப்ரேமைச் சிறைக்கு அனுப்பிய எல்லைக்கோடு அன்று அழிந்தது. ஆனால் அவர் வீட்டுப் பள்ளியின் வாசலில் அந்த எல்லைக்கோட்டை யாரும் என்றுமே போட்டதில்லை.