முன்னோர் விட்டுச் சென்ற மாண்டலின்

முன்னோர் விட்டுச் சென்ற பொருள்களுள் நிலத்தின் மதிப்பையும் நகையின் மதிப்பையும் அறிவது எளிது. நிலத்துக்குப் பத்திரம் உண்டு. பொன்னுக்கு உரைகல் உண்டு. ஓர் இசைக்கருவிக்கு உரைகல் யாது? இத்தாலியிலும் அமெரிக்காவிலும், பாட்டனார் மறைந்த பின் பரணிலிருந்து இறக்கிய பழைய மாண்டலினைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பத்தார் இவ்வினாவை எழுப்புகின்றனர். ‘நூறாண்டுப் பழமை உடையது, பெருவிலை பெறும்’ என்று மகிழ்வோர் ஒரு சாரார். ‘தந்தி அறுந்த பழங்கட்டை’ என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரண்டுமே ஆராயாமல் கூறும் தீர்ப்புகள். அக்கருவியின் வரலாற்றை அறிந்தவரே அதன் மதிப்பைச் சொல்ல இயலும்.

மாண்டலின் நம்மவர்க்குப் புதிதன்று. இந்தித் திரையிசையில் அதனை மீட்டிப் புகழ் கொண்டவர் சஜ்ஜாத் ஹுசைன் (1917–1995). கர்நாடக இசை மேடையில் அதற்கு இடம் பெற்றுத் தந்தவர் உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014). எனினும் அது பிறந்த இடம் இத்தாலி. அதன் முன்னோர் வழியைத் தேடிச் சென்றால் அரபு நாடுகளைச் சென்றடைவோம்.

அரபியில் ‘அல்ஊத்’ என்பதற்கு ‘மரம்’, ‘கட்டை’ என்பது பொருள். நறும்புகைக்காக எரிக்கும் அகில் கட்டைக்கும் அம்மொழியில் இதே பெயர் வழங்குகிறது. இப்பெயர் கொண்ட தந்திக் கருவி ஸ்பெயினில் ‘லாவூத்’ என்றும், ஆங்கிலத்தில் ‘லூட்’ என்றும் திரிந்தது. 822-இல் குர்துபா நகர் வந்து சேர்ந்த இசைவாணர் ஸிர்யாப், ஊத் கருவிக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்த்தார் என்றும், மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகுத் தண்டால் அதனை மீட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதுகிறார். மீட்டும் துண்டுக்கு அரபியில் இன்றும் ‘ரீஷா’, அதாவது ‘இறகு’ என்றே பெயர். நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடல் கடந்து அமைந்த சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த அரண்மனைத் தேவாலயம் ஒன்றுள்ளது. அதன் கூரையில் இஸ்லாமியக் கலை மரபில் தீட்டிய ஓவியங்களில் ஊத் இசைப்போரைக் காணலாம்.

இந்த லூட் குடும்பத்தில் தோன்றிய சிறு கருவியே மாண்டலின். ‘மண்டோலா’ என்பதன் சிறுமைப் பெயர் ‘மண்டோலினோ’. வயலின் செய்து உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரி 1680-இல் செய்த மண்டோலினோ ஒன்று, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து வெர்மில்லியன் நகரில் உள்ள தேசிய இசை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது.

இன்று நாம் காணும் வடிவம் 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸில் உருவாயிற்று. வினாச்சியா குடும்பத்தார் அதில் பேர் பெற்றோர். அக்குடும்பத்துப் பாஸ்குவாலே வினாச்சியா 1835-ஆம் ஆண்டளவில் எஃகுத் தந்தியையும் அதன் இழுவிசையைத் தாங்கும் உலோக முடுக்கிகளையும் பொருத்திக் கருவியைத் திருத்தி அமைத்தார். இத்தாலிய அரசி மார்கரிட்டாவே மாண்டலின் பயின்றார் எனில் அதன் செல்வாக்கை என்னென்பது! 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்து அமெரிக்கா சென்ற இத்தாலியர் தம்முடன் அதனைக் கொண்டு சென்றனர். அங்கே ஊர்தோறும் மாண்டலின் குழுக்கள் தோன்றின. சிகாகோ முதலிய நகர்களின் தொழிற்சாலைகள் ஏராளமாகச் செய்து குவித்தன. அஞ்சல் வழியும் விற்றன.

இங்கேதான் முதற்பாடம் உள்ளது. எண்ணிக்கையில் மிகுந்த பொருளுக்குப் பழமை மட்டும் விலை தராது. அக்காலத்துச் சாதாரணக் குட வடிவ மாண்டலின்களில் பெரும்பாலானவை இன்றும் சில நூறு டாலரைத் தாண்டுவதில்லை.

இதற்கு மாறானது மற்றொரு கிளை. மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூவில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன் என்பவர், வயலினைப் போல் மேற்பலகையைக் குடைந்து செதுக்கிய மாண்டலினுக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் 1902-இல் நிறுவனம் தோன்றியது. அதில் 1919 முதல் 1924 வரை பணியாற்றிய லாயிட் லோர், 1922-இல் ‘எஃப்-5’ என்னும் வகையை வெளிக்கொணர்ந்தார். அவர் கையொப்பமும் நாளும் இட்ட சீட்டு உள்ளே ஒட்டிய எஃப்-5 ஒன்று இன்று இலட்சம் டாலருக்கு மேல் விலை போகிறது. பரணில் கிடப்பது இவ்விரண்டில் எது என்பதே கேள்வி.

ஆராய்வோர் முதலில் வடிவத்தை நோக்குக. முதுகு வீணைக் குடம் போல் உருண்டிருப்பின் நேப்பிள்ஸ் மரபு. ஊத் கருவியைப் போலவே மெல்லிய மரக்கீற்றுகளை வளைத்து ஒட்டிய முதுகு அது. கீற்றுகளின் எண்ணிக்கை மிகுந்து இணைப்புகள் நுண்மையாய் அமைந்திருப்பின் உயர்ந்த வேலைப்பாடு எனக் கொள்ளலாம். தட்டையாகவோ, சிறிதே குவிந்தோ இருப்பின் வேறு மரபு.

அடுத்து, ஒலித்துளை வழியே விளக்கொளி செலுத்தி உள்ளிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். செய்தவர் பெயர், ஊர், வரிசை எண் ஆகியன அதில் கிடைக்கலாம். ஆயினும் சீட்டை மட்டும் நம்பலாகாது. ஸ்ட்ராடிவாரியின் பெயர் தாங்கிய போலிச் சீட்டுகள் உலகெங்கும் மலிந்துள்ளன. சீட்டு கூறுவதைக் கருவியின் வேலைப்பாடு மெய்ப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருள்களில், செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்னும் சட்டம் 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ‘இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் பொறித்த கருவி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. அப்பெயர் இல்லை என்பதால் முற்பட்டது என முடிவு கட்டுவதும் தவறு. குடியேறி வந்தவர் தம் கைப்பொருளாகக் கொணர்ந்ததாகவும் இருக்கலாம் அன்றோ?

மூன்றாவது, கருவியின் நிலை. தண்டியை ஓரத்திலிருந்து கண்ணோட்டமிட்டால் அது வளைந்துள்ளதா என்பது தெரியும். வளைந்திருந்தால் தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்து நிற்கும். அதனைச் செப்பனிடும் கூலி, சாதாரணக் கருவியின் விலையையே விஞ்சிவிடக்கூடும். ஆனால் நேப்பிள்ஸ் மாண்டலினில் குதிரைக்குச் சற்றுப் பின்னே மேற்பலகை மடிந்து சரிவதைச் சேதம் என்று எண்ணிவிடக் கூடாது. அது செய்தவரே வேண்டுமென்று அமைத்த மடிப்பு.

செய்யத் தகாதவையும் உள. பழைய மெருகைச் சுரண்டிப் புது மெருகு பூசுவது, அழகுபடுத்துவதாக எண்ணி மதிப்பை அழிப்பதாகும். தடித்த புதுத் தந்திகளைப் பூட்டி முறுக்கினால் நூறாண்டுக் கருவி தாங்காது, மேற்பலகை பிளந்துவிடும். ஒலித்துளையருகே ஆமையோடு பதித்திருப்பின் நாடு விட்டு நாடு விற்பதற்குப் பன்னாட்டு உடன்படிக்கைத் தடைகளும் உண்டு.

நிலை கெட்டும் மதிப்புக் கெடாத கருவி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுப்புற இசையில் ‘புளூகிராஸ்’ என்னும் பாணியின் தந்தை எனப் போற்றப்படும் பில் மன்றோ (1911–1996), 1940-களில் புளோரிடா மாநிலத்து முடிதிருத்தகம் ஒன்றில் விற்பனைக்கு இருந்த மாண்டலினை 150 டாலருக்கு வாங்கினார். 1923 ஜூலை 9 என்று நாளிட்டு லாயிட் லோர் கையொப்பமிட்ட எஃப்-5 அது. பல்லாண்டுகள் அவர் கையில் ஒலித்த அக்கருவியை 1985-இல் அவர் வீட்டினுள் புகுந்த எவரோ அடித்து நொறுக்கினர். சிதறிய சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கிப்சன் நிறுவனக் கைவினைஞர் சார்லி டெரிங்டன் மீண்டும் கருவியாக்கினார். 1986-இல் அது மன்றோவின் கைக்குத் திரும்பிற்று. உடைந்து ஒட்டிய கருவி என்பதற்காக அதனை எவரும் தாழ்வாக எண்ணியதில்லை. எவர் கையில் இருந்தது என்பதற்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று இருந்ததே காரணம். ஆகவே பழைய புகைப்படம், கடிதம், வாங்கிய இரசீது ஆகியவற்றைக் குப்பையென எறிந்துவிடாது கருவியுடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பாகப் பிரிவினையில் துண்டாட இயலாத பொருளை நடுநிலையாளர் ஒருவரைக் கொண்டு விலை மதித்துப் பங்கிட வேண்டும் என்பதை மதரஸாவில் ஓதியோர் அறிவர். மாண்டலினுக்கும் அதே நெறிதான். தாமே வாங்க விரும்பும் வணிகர் கூறும் விலை மதிப்பீடு ஆகாது. வாங்குவதில் நாட்டமில்லாத வல்லுநரிடம் எழுத்தில் பெறுவதே முறை. உள்ளிருக்கும் சீட்டை ஒருவர் மட்டும் படித்தறிந்து, உடன்பிறந்தாரிடம் ‘பழங்கட்டைதானே’ என்று கூறி எடுத்துச் செல்வாராயின், அவர் கொண்டு செல்வது பாட்டனாரின் சொத்தன்று; பிறர் பங்கு.

மதிப்பீட்டில் சில நூறு டாலரே தேறியது எனினும் வருந்துவதற்கில்லை. அயல்நாட்டுக்குப் பிழைக்கச் சென்றவர் ஒருவர் தம் சிறு மூட்டையில் இதற்கும் இடம் ஒதுக்கினார் என்ற செய்தி எந்த விலைச் சீட்டிலும் ஏறாது. விலையை நேர்மையாக அறிந்து, பங்கை ஒழுங்காகக் கொடுத்து முடித்த பின் அச்செய்தி எல்லோர்க்கும் பொதுவாக நிற்கும். அதனைப் பங்கிட வேண்டிய தேவை இல்லை.