சயாம் ரயில் பாதையில் எழுதப்படாத பெயர்கள்



சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் யார் பெயரெல்லாம் வருகிறது? ராஜா, மந்திரி, படைத்தளபதி. இன்ன வருஷத்தில் சண்டை, இன்னார் ஜெயித்தார் என்று நாமும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுக்கிறோம். ஆனால் அந்தச் சண்டைக்காக மண் வெட்டியவன் யார், கட்டை சுமந்தவன் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். அவர்கள் செய்தது சின்ன வேலை என்பதாலா? இல்லை. அவர்கள் பெயரை எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இதற்கு வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் போன சயாம் மரண ரயில் பாதையே போதும்.

சப்பான்காரன் ஆட்சியில் 1942-இல் அந்தப் பாதை தொடங்கியது. சயாமில் பான் போங் என்ற ஊரிலிருந்து பர்மாவில் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, ஆறு எல்லாம் தாண்டிப் போகும் பாதை. பர்மாவில் இருந்த சப்பான் படைக்குக் கப்பலில் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் தரைவழி அவசரமாகத் தேவைப்பட்டது. அதனால் 1943 அக்டோபரிலேயே இரு பக்கத்துத் தண்டவாளங்களையும் இணைத்துவிட்டார்கள். இந்த வேகத்துக்கு விலையாகப் போனது மனித உயிர்.

வேலை செய்தவர்கள் இரண்டு வகை. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலான போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இன்னொரு வகை மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து வந்த ஆசியத் தொழிலாளர்கள். அவர்கள் 180,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்றும், அவர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்றும் கணக்கிடுகிறார்கள். இந்த "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? கைதிகள் பட்டாளத்துக்காரர்கள். அவர்களோடு அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார் எந்த நாளில், எந்த முகாமில், எந்த நோயில் இறந்தார் என்று காவலாளிக்குத் தெரியாமல் குறித்தார்கள். மூங்கில் குழாய்க்குள்ளும் மண்ணுக்கு அடியிலும் அந்தக் காகிதங்களை ஒளித்து வைத்தார்கள். 1945-இல் யுத்தம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு காட்டுக்குள் போய்ப் புதைகுழிகளைத் தேடினார்கள். இன்று காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேர் அடங்கிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரும்பாலான கல்லில் பெயர் இருக்கிறது. முகாமில் டாக்டராக இருந்த ஆஸ்திரேலியர் எட்வர்ட் டன்லப் எழுதிய நாட்குறிப்பு 1986-இல் புத்தகமாகவே வந்தது.

இன்னொருவர் கதையும் சொல்ல வேண்டும். பூன்போங் என்று காஞ்சனபுரியில் ஒரு தாய்லாந்து வியாபாரி. முகாம்களுக்குக் காய்கறி விற்கும் சாக்கில் மருந்தும் பணமும் மறைத்துக் கொண்டுபோய்க் கைதிகளுக்குக் கொடுத்தவர். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பாது. அவர் தளபதியும் இல்லை, மந்திரியும் இல்லை. இருந்தும் அவர் பெயர் இன்று புத்தகங்களில் இருக்கிறது. அவரால் பிழைத்தவர்கள் ஊருக்குத் திரும்பி, மறக்காமல் எழுதினார்கள். சாதாரண ஆள் சரித்திரத்தில் ஏறுவது இப்படித்தான்.

நம்மவர்கள் கதை வேறு. யுத்த காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்று போனது. தோட்டத்தில் பால் வெட்டும் வேலை குறைந்தது, வயிற்றுக்கு வழியில்லை. வேலை, சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டி அழைத்தார்கள். வராதவர்களை வலுக்கட்டாயமாகவும் ஏற்றிப் போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. அங்கே அவர்களுக்குப் போதிய டாக்டர் கிடையாது, கணக்கு எழுத அதிகாரி கிடையாது. 1943-இல் காலரா பரவியபோது கும்பல் கும்பலாகச் செத்தார்கள். ஒரே குழியில் போட்டு மூடினார்கள். 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிவந்தன. எலும்பு கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

இந்தக் குறையை உணர்ந்து எழுதியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். மலேசியத் தமிழர் ஒவ்வொருவரும் இவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு மூன்று எழுத்தாளர்கள் மட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைச் சுமக்க முடியுமா?

மாணவர்களே, சரித்திரம் எழுதப் பெரிய படிப்பு வேண்டுமென்று பயப்படாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா போதும். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனவர் பெயர் என்ன? அவர் அப்பா பெயர் என்ன? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? கூடப் போனவர் யார்? திரும்பி வந்தாரா? வந்து என்ன சொன்னார்? சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். நீங்களாக ஒன்றும் சேர்க்காதீர்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே போடுங்கள். இருவர் சொல்வது வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பழைய படம், பழைய பத்திரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது "அந்தக் கஷ்டமெல்லாம் இப்ப எதுக்கு" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். சயாமில் மாண்டவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் எழுதாக் கடனாகவே இருக்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்பாகவும் செம்பனையாகவும் மாறிப் போயின. லயங்கள் போயின, கோயில்கள்கூட இடம் மாறின. பாட்டன் பெயராவது போகாமல் இருக்கட்டும். நாளைக்கு ஒருவர் மலேசியத் தமிழர் சரித்திரம் எழுத உட்கார்ந்தால், அவர் கையில் மதிப்பீடு மட்டும் இருக்கக் கூடாது, பெயர்களும் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.