திருவருகைக் காலமும் டிசம்பர்த் திருநாட்களும்

பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆலயம் எழுந்த ஆண்டையும், பணியாற்றிய குருக்களின் வரிசையையும் குறிப்பர். அது வேண்டியதே. ஆயினும் ஆண்டுதோறும் நாம் கொண்டாடும் திருநாட்களுக்கும் வரலாறு உண்டு. விழா மலரின் இப்பக்கத்தில் டிசம்பர் மாதத்துத் திருநாட்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

திருச்சபையின் ஆண்டு தொடங்குவது சனவரியில் அன்று, திருவருகைக் காலத்தில். புனித பிலவேந்திரர் திருநாளாகிய நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறே அதன் முதல் நாள். குரு ஊதா நிறத் திருவுடை அணிய, ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடாமல், நான்கு வாரம் மீட்பருக்காகக் காத்திருக்கிறோம்.

இந்த நாட்களில் முதலில் வருவது டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்து, கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரைக்கு அருகே சான்சியான் தீவில் உயிர் நீத்தார். தாய்மொழியில் செபிக்கக் கற்பித்தவரின் திருநாளுக்கு மறுநாளே, 1963 டிசம்பர் 4-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. அதுவரை இலத்தீனில் நடந்த பூசை தமிழில் நடைபெற அதுவே வழி திறந்தது.

டிசம்பர் 8 அமலோற்பவ அன்னையின் பெருவிழா. மரியன்னை சென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்பதை 1854-ல் இதே நாளில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்தார். நம் குடும்பங்களில் அமலோற்பவம் என்று பெண் மக்களுக்குப் பெயரிடுவதும் இந்த அன்னையின் நினைவாகவே.

ஆண்டவர் பிறந்த பெருவிழா டிசம்பர் 25-ல் உரோமையில் கொண்டாடப்பட்டதற்கு, 354-ம் ஆண்டில் அங்கே தொகுக்கப்பட்ட நாட்குறிப்பு நூல் சான்றாக உள்ளது. நாம் அமைக்கும் குடிலோ 1223-ல் அசிசி நகர்ப் பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் செய்ததை நினைவூட்டுகிறது. வைக்கோல் பரப்பிய முன்னணை, ஒரு மாடு, ஒரு கழுதை: இவ்வளவே அவர் கேட்டவை. பெத்லகேமில் பாலன் பட்ட ஏழ்மையை மக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவர் ஆசை.

பெருவிழாவை அடுத்து 26-ல் முதல் வேதசாட்சியான முடியப்பரையும், 27-ல் அருளப்பரையும், 28-ல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளையும் திருச்சபை நினைவுகூர்கிறது. தொட்டிலின் அருகிலேயே சிலுவையின் நிழலும் விழுவதை இந்நாட்கள் உணர்த்துகின்றன.

இப்பெருவிழாவுக்கு நோன்பினாலும் ஆயத்தம் செய்வது திருச்சபையின் பழைய வழக்கம். 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாளாக இருந்தது. 1966-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தவ ஒழுங்கை மாற்றியமைத்தபோது அக்கடமை நீங்கிற்று. கடமைதான் நீங்கியதே அன்றி, தவம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. செபமும் தருமமும் பெருக வேண்டும் என்றே வற்புறுத்தினார்.

இதே வாரங்களில் நம் ஊரில் நாம் காண்பது என்ன? கார்த்திகை முதல் நாள் மாலையணிந்த ஐயப்ப பக்தர்கள் 41 நாள் விரதம் காக்கிறார்கள். குற்றால அருவியில் நீராடி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியே மலைக்குச் செல்கிறார்கள். மார்கழி பிறந்ததும் விடியுமுன்னே வாசல்தோறும் கோலம். குற்றாலத்தில் திருவாதிரைத் திருவிழா. அவர்கள் வழிபாடு வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் பெருநாளுக்கு முன் உடலையும் உள்ளத்தையும் ஒடுக்க வேண்டும் என்பதை நம் அயலார் மறக்கவில்லை. நாம் மட்டும் விண்மீன் விளக்கும் கேக்கும் புத்தாடையும் வாங்குவதையே ஆயத்தம் என்று எண்ணி இருந்துவிடலாமா?

எனவே, அன்பார்ந்த பங்கு மக்களே, ஒரு சிறு வேண்டுகோள். திருவருகைக் காலம் முழுதும், உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வையுங்கள். அந்தப் பிடியரிசியைக் கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஆலயக் குடிலின் முன் சேர்ப்போம். அது நம் பங்கிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் போகட்டும். கிரேச்சியோவில் பிரான்சிஸ் காட்ட விரும்பிய பாலன் அன்று நம் குடிலிலும் இருப்பார்.