பீடன் தெருவின் இரண்டாம் கதாநாயகி

'துர்கேச நந்தினி' என்ற தலைப்பு திலோத்தமாவைக் குறிப்பது. கோட்டைத் தலைவன் வீரேந்திர சிங்கின் ஒரே மகள் அவள்தான். ஆனால் கல்கத்தாவில் பங்கிம் சந்திரரைப் படித்தவர் யாரிடமாவது அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் பேச்சு ஆயிஷாவிடம் போய் நின்றுவிடும்.

எனக்கு வங்காளி எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள். எனக்கு அவர் மாஷிமா, பெரியம்மா முறை. அவருக்கு நான் பௌமா, அதாவது வீட்டு மருமகள். கல்யாணமாகி வந்த புதிதில், பழுப்பேறிப் போன வசுமதி பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "பௌமா, நடுவில் சலித்துப் போய் மூடி வைத்துவிடாதே. ஆயிஷா இரண்டாம் பாகத்தில்தான் வருவாள்" என்றார். அப்படியேதான். புயல், பாழடைந்த சிவன் கோயில், அங்கே ஒதுங்கிய ராஜகுமாரன், முக்காடிட்ட பெண் என்று மாயக்கதைக்குரிய அத்தனை சாமான்களோடும் முதல் பாகம் ஓடி முடிந்த பிறகு, இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்கே ஆயிஷா என்றுதான் பெயர்.

கதைக்கு அடியில் ஒரு துண்டு சரித்திரம் உண்டு. 1590-இல் அக்பரின் தளபதி மான்சிங், ஒரிசாவைக் கையில் வைத்திருந்த ஆப்கானியத் தலைவன் கத்லு கான் மீது படையெடுத்தார். முன்னால் போன அவர் மகன் ஜகத் சிங் அடிபட்டுத் தோற்றான். விஷ்ணுபூர் ராஜா அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில் கத்லு கான் நோயில் இறந்துபோக, ஆப்கானியர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். 'அக்பர் நாமா' சொல்லும் வரலாறு இது. இதில் திலோத்தமாவும் கிடையாது, ஆயிஷாவும் கிடையாது. இரண்டு பெண்களையும் பங்கிம்தான் உள்ளே கொண்டுவந்தார். நோயில் இறந்த கத்லு கானை, பிறந்தநாள் கொண்டாட்டத்தில் விமலா என்ற விதவையின் குத்துவாளுக்கு இரையாக்கினார். 1865-இல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு இன்னும் 27 முடியவில்லை. டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகம்.

ஆயிஷா நவாப் கத்லு கானின் மகள். காயம்பட்டுச் சிறைப்பட்ட ஜகத் சிங்குக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்து பிழைக்க வைக்கிறாள். அவன் மனம் திலோத்தமாவிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தளபதி உஸ்மான் தன்மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்பதும் தெரியும். இதற்கு நடுவில்தான் அந்தச் சிறைச்சாலைக் காட்சி. காதலனைத் தேடிவரும் திலோத்தமா, அவன் பாராமுகமாகக் கேட்ட ஒரே கேள்வியில் மூர்ச்சையாகி விழுகிறாள். மயங்கிக் கிடக்கிறவளைத் தெளிவித்துப் பத்திரமாக அனுப்பி வைப்பது யார்? ஆயிஷாதான். பிறகு கைதியிடம், தப்பிப் போக வழி செய்து தருகிறேன் என்கிறாள். அவளுக்கு ஆபத்து வரும் என்று அவன் மறுக்கிறான். அந்த நேரத்தில் உஸ்மான் வந்து நிற்கிறான். நடுராத்திரியில் கைதியின் அறையில் நவாப் மகளுக்கு என்ன வேலை என்று குத்தலாகக் கேட்கிறான். குனிந்து, மழுப்பி, அழுது பதில் சொல்லியிருக்கலாம். அவளோ, இந்தக் கைதியே என் உயிருக்கு உடையவர் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். சொன்னதற்குப் பதிலாக ஜகத் சிங்கிடமிருந்து எதையும் கேட்கவுமில்லை.

முடிவில் ஜகத் சிங் திலோத்தமாவை மணக்கிறான். ஆயிஷா கல்யாணத்துக்கு வந்து, நகைகளைத் தன் கையாலேயே மணப்பெண்ணுக்குப் பூட்டிவிட்டுக் கோட்டைக்குத் திரும்புகிறாள். அவள் விரலில் விஷம் அடைத்த மோதிரம் ஒன்று இருக்கிறது. ஜன்னலருகே நின்று அதைப் பார்த்து யோசிக்கிறாள். இதைச் சகிக்க முடியாவிட்டால் பெண்ணாய்ப் பிறந்து என்ன பயன், செய்தி கேட்டால் அவர்தான் என்ன நினைப்பார் என்று தோன்ற, மோதிரத்தைக் கழற்றி அகழித் தண்ணீரில் எறிந்துவிடுகிறாள். நாவல் முடிகிறது.

இதைப் படித்ததும் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' ஞாபகம் வந்தவர்கள் அப்போதே உண்டு. அதிலும் ரெபெக்கா என்ற யூதப் பெண் காயம்பட்ட வீரனைப் பிழைக்க வைக்கிறாள். அவனை மணந்த ரொவீனாவுக்கு நகைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போகிறாள். தான் எழுதும்போது 'ஐவன்ஹோ'வைப் படித்திருக்கவில்லை என்று பங்கிம் சொன்னார். நம்புகிறவர் நம்பலாம். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. ஸ்காட்டுக்கும் வாசகர்கள் தொல்லை கொடுத்தார்கள், ரெபெக்காவுக்கு ஏன் கல்யாணம் செய்து வைக்கவில்லை என்று. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே அவளுக்காகவே ஒரு வேடிக்கைத் தொடர்ச்சி எழுதினார். இங்கேயும் அதே கதைதான். பங்கிமுக்குக் கல்யாண வழியில் உறவினரான தாமோதர் முகோபாத்யாய் 'நவாப் நந்தினி' என்று 'துர்கேச நந்தினி'க்கு ஒரு தொடர்ச்சி எழுதினார். பங்கிம் தலைப்பைத் திலோத்தமாவுக்குக் கொடுத்திருந்தார். தாமோதர் ஆயிஷாவுக்குக் கொடுத்தார்.

ஏன் இந்த ஈர்ப்பு? என் அபிப்பிராயம் இது. திலோத்தமாவுக்கு வயது பதினாறு. ஆயிஷா இருபதைத் தாண்டியவள், கல்யாணமாகாதவள், தன் மனசு தனக்குத் தெரிந்தவள். 1865-இல் அப்படி ஒரு பெண்ணை எந்த வங்காளி இந்துக் குடும்பத்தில் தேடிப் பிடிப்பது? பங்கிமுக்கே பதினோரு வயதில் முதல் கல்யாணம், பெண்ணுக்கு ஐந்து. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்து என்று வைத்திருந்தது. அதைப் பன்னிரண்டாக்க 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கும் கல்கத்தா வீதிகளில் பெரும் எதிர்ப்பு. யோசித்து, தேர்ந்து, காதலிக்கும் வயதுவந்த பெண் நாவலாசிரியனுக்கு வேண்டுமென்றால் அவன் வீட்டுக்கு வெளியேதான் போகவேண்டும்: பட்டாணியர் கோட்டைக்கு, பங்கிமின் அடுத்த நாவலில் வரும் காபாலிகனின் கடலோரக் காட்டுக்கு, அல்லது விதவையிடம். பாட்டி கதைகளில் வங்காளிக் குழந்தைகளுக்கு சுயோராணி, துயோராணி என்று இரண்டு ராணிகளைத் தெரியும். ஒருத்தி ராஜாவின் செல்லம், பொல்லாதவள். மற்றவள் ஒதுக்கப்பட்டவள், நல்லவள், கடைசியில் ஜெயிக்கிறவள். ஆயிஷா இரண்டிலும் சேரவில்லை. நல்லவள்தான், ஆனால் ஜெயிக்கவில்லை. தோற்றாள் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

பங்கிம் பின்னால் எந்த இரண்டாம் பெண்ணிடமும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. 'விஷ விருட்சம்' குந்தநந்தினி விஷம் குடித்துச் சாகிறாள். 'கிருஷ்ணகாந்தன் உயில்' ரோகிணி காதலன் கையாலேயே சுடப்பட்டுச் சாகிறாள். பின்னால் வந்த நாவலாசிரியர் சரத் சந்திரர் அதை மன்னிக்கவே இல்லை. நம் கல்கி மட்டும் என்ன? 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனை நினைத்து உருகிய கடம்பூர் மணிமேகலையைச் சித்தம் கலங்க வைத்து, அவன் மடியிலேயே சாகவிட்டார். மணிரத்னம் படத்தில் அவளுக்கு அந்தச் சாவுகூடக் கிடைக்கவில்லை, ஆளையே காணோம்.

நாவலை விட்டு மேடைக்கு வருவோம். வடக்குக் கல்கத்தாவில் பீடன் ஸ்ட்ரீட் தபால் ஆபீஸ் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெங்கால் தியேட்டர் இருந்தது. 1873 ஆகஸ்டு 16-ஆம் தேதி மைக்கேல் மதுசூதன் தத்தின் 'சர்மிஷ்டா'வோடு திறந்தார்கள். பெண் வேஷத்தைப் பெண்களே கட்டவேண்டும் என்று வற்புறுத்தியவர் மதுசூதன்தான். திறப்பைப் பார்க்க அவர் இருக்கவில்லை, ஜூன் மாதமே காலமாகிவிட்டார். ஜகத்தாரிணி, கோலாப், ஏலோகேசி, ஷ்யாமா என்று நான்கு பெண்களைச் சேர்த்தார்கள். நால்வரும் தாசித் தெருக்களிலிருந்து வந்தவர்கள். விதவைக் கல்யாணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்ற வித்யாசாகர், இந்தப் பெண்களைச் சேர்ப்பது பொறுக்காமல் தியேட்டரின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். 1795-இல் லெபெதெவ் என்ற ரஷ்யக்காரரும், 1835-இல் ஷ்யாம்பஜார் நவீன் சந்திர போஸும் பெண்களை மேடையேற்றியது உண்டு. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வரலாம் என்ற வங்காளி மேடையில் நடிகை என்ற தொழில் நிலைத்தது இங்கிருந்துதான். 1873 டிசம்பரிலேயே இங்கே 'துர்கேச நந்தினி' ஏறியது. முதலாளி சரத் சந்திர கோஷே ஜகத் சிங். நல்ல குதிரைச் சவாரிக்காரர். நிஜக் குதிரையில் மேடைக்கு வந்தார்.

இந்தத் தியேட்டருக்குச் சில வருஷம் கழித்து வந்து சேர்ந்தவர் பினோதினி தாசி. 1863-இல் பிறந்தவர், பதினோரு வயதில் மேடையேறியவர். 1912-இல் வெளியான 'என் கதை' என்ற சுயசரிதத்தில் ஆயிஷா வேஷத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி, தொழில் தெரிந்தவர் எழுத்து. ஒரே ராத்திரியில் ஆயிஷாவாகவும் திலோத்தமாவாகவும் அவரே நடித்ததுண்டாம். எப்படி முடியும்? இரண்டு பேரும் நேருக்கு நேர் வருவது அந்தச் சிறைச்சாலையில் மட்டும். அங்கே திலோத்தமாவுக்கு வசனமே இல்லை. வேறொரு பெண்ணுக்குத் திலோத்தமாவின் சேலையைக் கட்டி அனுப்புவார்கள். ஜகத் சிங் கேட்கும் ஒரு கேள்விக்கு அவள் மூர்ச்சையாகி விழுந்தால் போதும், வேலை முடிந்தது. உடனே ஆயிஷாவின் மிகப் பெரிய கட்டம், உஸ்மானோடு. கூச்சமும் பயமுமான பெண்ணாக இருந்துவிட்டு, அந்த ஈரம் காயுமுன்னே, கர்வமும் காதலும் நிறைந்த நவாப் மகளாக மாறுவது எவ்வளவு சிரமம் என்று பினோதினி எழுதுகிறார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிய வித்தியாசத்தை இந்த அம்மாள் உடம்பால் தெரிந்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு ராத்திரி. பினோதினி வீட்டிலிருந்தே ஆயிஷாவாக முழுக்க அலங்கரித்துக்கொண்டு வந்து இறங்குகிறார். கொட்டகை நிறைந்திருக்கிறது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. வேலைக்காரி ஆஸ்மானி வேஷம் போடும் பெண் வரவில்லை. வேறு யாராலும் சமாளிக்க முடியாது, பினோதினிதான் கட்டவேண்டும்; அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? கடைசியில் சக நடிகர் அமிர்தலால் போஸ் வந்து, தங்கச்சி என்று கொஞ்சிக் கெஞ்சுகிறார். முடியாது, முடியாது என்று பலமுறை சொல்லிப் பார்க்கிறார் பினோதினி. மனசுக்குள் நல்ல கோபம். நவாப் மகளின் உடுப்பைக் களைந்து வேலைக்காரி துணியைக் கட்டவேண்டும். பிறகு மறுபடி ஆயிஷாவானால் அலங்காரம் முன்போல் அமையுமா? இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். நடிகைகளுக்குத் தலைப்பு வேஷத்தைவிட ஆயிஷா ஏன் பெரிதாக இருந்தாள் என்பதும் இங்கே புரிகிறது. கல்யாணம், குடும்பம் என்ற வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, என் காதல் எனக்கு அவமானமில்லை என்று சபைக்கு நடுவே சொல்லும் பெண் அவள். மேடையில் அதைச் சொன்னவர்களுக்கும் அந்த வட்டத்துக்குள் இடம் கிடையாது. கோலாப்புக்கு 1875-இல் ஒரு கல்யாணம் நடந்தது. 1872-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கோஷ்ட பிஹாரி தத் என்பவரை மணந்து சுகுமாரி தத் ஆனார், நாடகமும் எழுதினார். மற்ற நடிகைகளில் பெரும்பாலோருக்கு அது வாய்க்கவில்லை.

பினோதினியின் மிச்சக் கதை பலரும் அறிந்தது. குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞன் அவரைக் கேட்டான். தியேட்டர் கட்டித் தந்தால் சரி என்றார். புதுத் தியேட்டருக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைப்பதாகக் கூட இருந்தவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். 1883 ஜூலையில் பீடன் தெருவில் திறந்தபோது அதன் பெயர் ஸ்டார். பதிவு செய்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அங்கே 'சைதன்ய லீலா'வில் சைதன்யராக நடித்தார். ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து பார்த்து ஆசீர்வதித்தார். இருபத்திமூன்று, இருபத்திநான்கு வயதில் மேடையை விட்டு விலகினார். அதன்பின் 1941 வரை உயிரோடிருந்தும் திரும்பவில்லை.

2024 டிசம்பர் கடைசியில், ஹாத்திபாகானில் இருக்கும் ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினி பெயரை வைப்பதாக மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். நல்ல காரியம்தான், 141 வருஷம் தாமதம் என்பதைத் தவிர. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹாத்திபாகான் கட்டடம் 1888-இல் கோஷ்டி இடம்பெயர்ந்த பிறகு எழுந்தது. 1991-இல் தீப்பிடித்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. பினோதினியை ஈடாக வைத்துப் பீடன் தெருவில் கட்டிய ஸ்டார் அதுவல்ல. அது சித்தரஞ்சன் அவென்யூ போட்டபோது இடிக்கப்பட்டுவிட்டது.