பாட்டுப் பிறந்த தெருக்கள்: பிறொங்ஸ் நடைவழியும் பாண்டிருப்பு – கல்முனை வீதியும்

ஏட்டிற் பொறிக்கப்படாத கலைகளுக்கு வரலாறு எழுதப் புகுவோர் முதலில் எதிர்நோக்கும் இடர்ப்பாடு சான்று பற்றியதாகும். காவியத்துக்கு ஏடு உண்டு. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. வாய்மொழியாகப் பாடப்பட்ட பாட்டுக்கோ பாடியவனும் அவன் நின்று பாடிய நிலமுமே சான்று. பாடியவன் மறைந்தபின் நிலம் ஒன்றே எஞ்சும். இதனை உணர்ந்து, தெருவையே ஏடாகக் கொண்டு வரலாறு கற்பிக்கும் முறையொன்று நியூயோர்க் நகரிலே வழக்கில் உள்ளது. அந்நகரின் பிறொங்ஸ், ஹார்லம் ஆகிய பகுதிகளில் ஹிப்ஹொப் எனப்படும் கலைமரபு தோன்றி வளர்ந்த இடங்களை, அக்கலைஞருள் மூத்தோரே வழிகாட்டிகளாக நின்று, வருவோருக்குப் பேருந்திலும் கால்நடையாகவும் அழைத்துச் சென்று விளக்குவர். அம்முறையின் பயனை ஆராய்ந்து, மருதமுனையிலிருந்து பாண்டிருப்பினூடாகக் கல்முனைக்குடி வரை செல்லும் எமது கரையோர வீதியை அதே கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறொங்ஸையும் பாண்டிருப்பையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். சங்கச் செய்யுளின் வாய்மொழி இயல்பை விளக்கப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் கிரேக்க வீரயுகப் பாடல்களைத் துணைக்கொண்டார். மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோர் யூகோஸ்லாவியப் பாணரிடையே நடத்திய ஆய்வின் வழியையும் பின்பற்றினார். சேரநாட்டுப் பாணனை விளங்கிக்கொள்ளப் பொஸ்னியப் பாணன் துணையாகலாமெனின், கொம்புமுறிக் களத்தில் எதிர்ச்சேரியை வசைபாடியவனை விளங்கிக்கொள்ளப் பிறொங்ஸ் இளைஞன் துணையாகான் என்பதற்கு நியாயமில்லை. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவோர் இக்காலத்தில் இல்லாமலும் இல்லை. அவரை அவர் வழியே விட்டுவிடுதல் நன்று.

பிறொங்ஸின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அப்பகுதியை ஊடறுத்துப் பெருநெடுஞ்சாலையொன்று அமைக்கப்பட்டபோது பல்லாயிரவர் வீடிழந்தனர். 1970களில் குடியிருப்புகள் கவனிப்பாரற்றுப் பாழடைந்தன, பல எரிந்தன. எஞ்சி வாழ்ந்தோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் புவெட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோருமாவர். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொது அறையிலே, சின்டி கம்பல் என்னும் இளம்பெண் பள்ளி தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டும் பொருட்டு விருந்தொன்றை ஒழுங்கு செய்தார். இசைத்தட்டுக்களை இயக்கியவர் அவருடைய தமையனாரும், ஜமெய்க்காவிற் பிறந்து கூல் ஹேர்க் எனப் பெயர் பூண்டவருமான கிளைவ் கம்பல். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழற்றிகளில் இட்டு, பறை மட்டும் ஒலிக்கும் குறுகிய பகுதியை மாறிமாறி நீட்டிக்கும் உத்தியை அவர் வளர்த்தார். நீண்ட தாளத்துக்குச் சிலர் வட்டமாக நின்று ஆடினர். சிலர் அதன்மேல் எதுகையோடு பேசினர். அப்பேச்சே பின்னர் ராப் எனப்பட்டது. இருதிறத்தார் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் இகழ்ந்து பாடும் போட்டி அதன் உயிர்நிலையாயிற்று.

இவ்வழிநடையிற் பெறத்தக்க செய்திகளுள் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. வழிகாட்டியருள் ஒருவர் கிராண்ட்மாஸ்டர் காஸ். 1979இல் வெளிவந்து உலகெங்கும் ராப் இசையைப் பரப்பிய முதற் பெரும் இசைத்தட்டில் ஒருவர் பாடிய பகுதி, உண்மையில் காஸ் எழுதியது. ஆயினும் ஆக்கியோன் பெயராக அவர் பெயர் இடம்பெறவில்லை. சான்று யாதெனின், அவ்விசைத்தட்டிலே பாடகர் தமது பெயரைக் கூறவேண்டிய இடத்தில், காஸ் அக்காலத்தில் வைத்திருந்த புனைபெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக உச்சரிக்கின்றார்! திருடிய மாட்டிற் குறியை அழிக்க மறந்தவன் கதையே இது. ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு அவரை விட்டுவிட்டபோது, தாம் பாடிய தெருவில் நின்று அவரே தம் வரலாற்றைக் கூறுகின்றார். வழிநடை வெறும் உல்லாசப் பயணமன்று என்பதற்கு இதுவே போதும்.

மேலும் ஒன்று. செட்ஜ்விக் அவெனியூக் கட்டடம் விற்கப்படுமாயின் குறைந்த வாடகையில் வாழும் தாம் வெளியேற நேரிடும் என அங்குள்ளோர் அஞ்சிய வேளையில், அக்கட்டடத்தின் வரலாற்றை முன்வைத்தே அவர் போராடினர். 2007இல் நியூயோர்க் மாநில அதிகாரிகள் அதனை ஹிப்ஹொப் பிறந்த இடமென ஏற்றனர். பாட்டின் வரலாறு குடியிருப்போரின் வழக்குக்குச் சான்றாயிற்று என்பது ஈண்டுக் கருதற்பாலது.

இனி எமது கரைக்கு வருவோம். கல்முனை நெடுஞ்சாலையில் வடக்கிருந்து தெற்காகப் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்த இவ்வமைப்பு, நெய்தற்காரன் இரு நிற நூலைப் பாவோட்டியது போன்றது. மருதமுனையோ நெசவுக்குப் பேர்போன ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்ததும் அங்கேயே. கைத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்த ஊரிலே வெண்பாவின் ஓசை தழைத்ததில் வியப்பில்லை.

மருதமுனையைக் கடந்ததும் பாண்டிருப்பு. பாண்டவர் இருப்பே பாண்டிருப்பாயிற்று என்பர் ஊரார். தாதன் என்பான் பாரதக் கதையோடு தென்னாட்டிலிருந்து வந்து இவ்வழிபாட்டை நிலைநாட்டினான் என்பது இங்குள்ள திரௌபதை அம்மன் ஆலய மரபு. சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பரோ என்பது வேறு. கதையைக் கொண்டு ஓர் ஊர் தன் பெயரை விளக்கிக்கொள்வதே எமக்கு வேண்டிய செய்தி. புரட்டாதியில் 18 நாள் நிகழும் விழாவிலே பாரதம் ஏட்டை விட்டு இறங்கித் தெருவுக்கு வருகின்றது. பாண்டவர் கோலம் பூண்டோர் வனவாசம் செல்வர், அருச்சுனன் தவநிலை நடைபெறும், இறுதியில் தீமிதிப்பு. எவ்விடத்தில் எந்நிகழ்ச்சி என்பது ஊரிற் சிறுவனுக்கும் தெரியும். பாண்டிருப்பார் தம் காப்பியத்தை நடந்தே கற்றவர் என்று கூறின் மிகையாகாது. நடைவழியை அவருக்கு நியூயோர்க்கார் கற்பிக்க வேண்டியதில்லை.

போட்டிப் பாட்டுக்குச் சான்று வேண்டுவோர் கொம்புமுறியை நோக்குக. மட்டக்களப்புத் தமிழகத்தில் – 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படுமுன் இக்கரையும் மட்டக்களப்பு மாவட்டமே – கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிவர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரு கொம்புகளைப் பிணைத்து இரு சேரியாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றோர் தோற்றோரை வசைபாடுவர். அவ்வசைப் பாடல்களுட் பல அச்சேறத் தகாதவை எனக் கருதியே பதிப்பாசிரியர் விட்டுவிட்டனர் போலும். வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் இவ்விளையாட்டைப் பதிவு செய்தமை எமது நற்பேறு. வசையும் வழிபாடே என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர்: மழை வேண்டியும் நோய் நீங்கவும் அன்றோ அவர் ஒருவரையொருவர் ஏசினர்! வசைக்கு எதிராளி வேண்டும். வடசேரியின்றித் தென்சேரி பாட இயலாது.

கூத்தின் வட்டக்களரியும் இவ்வாறே. சுற்றிலும் மக்கள் அமர, நடுவே மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லால் உரைப்பார். ஆடுவோன் அதனைக் காலால் உரைப்பான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது வட்டக்களரி படச்சட்ட மேடைக்குப் பெயர்ந்தது. அதனாற் கூத்து உயிர்பெற்றது உண்மை. வட்டம் கைவிடப்பட்டதும் உண்மை.

பாண்டிருப்புக்குத் தெற்கே கல்முனை. காரைதீவிற் பிறந்து ‘யாழ்நூல்’ தந்த விபுலாநந்தர் இளமையிற் கற்றது இந்நகர மெதடிஸ்த பாடசாலையில். பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் (1931–1975) கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் வாயிலாக இளையோரை ஒருங்கு திரட்டியதும் இங்கேயே. கல்முனைக்குடி எம். ஏ. நுஃமானும், மருதமுனை மருதூர்க்கொத்தனும், பாண்டிருப்புச் சண்முகம் சிவலிங்கமும் (1936–2012) கூடிப் பேசிய சூழல் அது. 1969இல் நுஃமான் ‘கவிஞன்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். நாம் முன்னர் குறித்த வட்டம் இங்கு வேறு வடிவில் தோன்றுகின்றது. மூன்று ஊர், இரு சமயம், ஒரே யாப்பு.

கல்முனைக்குடியில் நடைவழி கடலை நோக்கித் திரும்பும். இப்பகுதி முஸ்லிம்களிடையே வழங்கும் ‘கவி’ நான்கடியால் அமைந்த காதற் பாடல். மேற்கே வயல்வாடியிற் காவலிருந்தோரும், இரவில் வண்டி ஓட்டியோரும், வீட்டுப் பெண்டிரும் பாடியது. மச்சான் பாட மச்சி மறுமொழி பாடுவதாக அமைவது பெரும்பான்மை. காஸின் பெயரேனும் இசைத்தட்டில் ஒட்டிக்கொண்டது. கவி பாடிய பெண்டிருள் ஒருத்தியின் பெயரும் எமக்குக் கிட்டவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்திராவிடின் பாடல்களும் கிட்டியிரா. நோன்பு மாத இரவுகளில் றபான் தட்டி ஸஹருக்கு எழுப்பும் பக்கீர் பாவாக்களின் பைத்தும், அண்ணாவியார் முன்னிற்கும் களிகம்பாட்டமும் இவ்வூர்களின் செல்வங்கள். களிகம்பை ஆட்டுவிப்போரும் கூத்தை ஆட்டுவிப்போரும் ஒரே பெயரால் வழங்கப்படுதலை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது.

நடைவழி முடிவது கடற்கரைப் பள்ளிவாசலில். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பேரால் ஜமாதுல் ஆகிர் மாதம் இங்குக் கொடியேற்றப்படும். பன்னிரு நாள் பாவாக்கள் றபான் முழங்க றிபாய் றாதிபு நிகழ்த்துவர்.

இவ்வளவும் ஒன்றரை மணி நேரத்துள் நடக்கக்கூடிய தொலைவிலே உள்ளன. எனினும் எமது நூல்களில் அவை அடுத்தடுத்து இல்லை. கூத்தும் கொம்புமுறியும் தமிழர் நாட்டாரியலில் அடங்கும். கவியும் பைத்தும் முஸ்லிம் நாட்டாரியலில் அடங்கும். இரு திறத்தாரிடமும் ஒரே பாடல் வழங்குமிடத்து, தொகுப்போன் எவ்வூரிற் கேட்டானோ அவ்வூர்க் கணக்கில் அது சேர்ந்துவிடுகின்றது. 1985 முதல் இரு சமூகங்களிடையே மூண்ட கலவரங்களும் 1990இன் கொடுமைகளும் வீதியில் எல்லைகளை இட்டன. கல்முனைப் பிரதேச செயலகம் பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாவிரதம் வரை சென்றது. அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்தல் இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது. ஆனால் வரலாற்று மாணவர் அவ்வெல்லையைப் பாட்டின் மேலும் இழுப்பது பிழை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடிக் கரைகள் ஒருசேரப் பாழாயின. பாடியோர் சிலரோடு பாடிய இடமும் போயிற்று. நிலமாவது எஞ்சும் என்று தொடக்கத்திற் கூறினோம். இக்கரையில் அதுவும் உறுதியன்று.

ஆகவே நடைவழி வகுக்கும் பணியை எமது சங்கம் காலந் தாழ்த்தாது மேற்கொள்ளல் வேண்டும். வழிகாட்டி ஒருவராக இருத்தல் கூடாது. பாண்டிருப்பில் கூத்தறிந்த முதியவர் தொடங்க, கல்முனைச் சந்தையருகே கல்முனைக்குடிப் பாவா ஒருவர் வந்து கூட்டத்தைப் பொறுப்பேற்றல் தகும். அவ்விடத்தில் ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடுவாராயின் எமக்குக் கட்டுரையே வேண்டியதில்லை. நாள் குறிப்பதில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. புரட்டாதி விழா சூரியக் கணக்கினது. கொடியேற்றம் சந்திரக் கணக்கினதாகலின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகரும். அவ்வாறு நகர்ந்து 2030ஆம் ஆண்டை ஒட்டிக் கொடியேற்றம் புரட்டாதியை வந்தடையும். அப்பொழுது பாண்டிருப்பின் மத்தளமும் கடற்கரையின் றபானும் ஒரே மாதத்தில் ஒலிக்கும். அதன்பின் அத்தகைய புரட்டாதி வர மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.