பேரைச் சொன்னாலும் தெரியாதாம்!

போன மாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைஞ்சப்போ, 2004-ல் இறக்கி வெச்ச ஒரு குட்டி ப்ரோக்ராமோட சோர்ஸ் கிடைச்சது. பழைய எழுத்துருவில் அடிச்சு வெச்ச என் ஃபைல்களை யூனிகோடுக்கு மாத்த எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். (அந்தக் காலத்துக் கவிதைகளும் அதில் இருக்கு. பயப்படாதீங்க, இங்கே போட மாட்டேன்.)

64 பிட் லினக்ஸ் போட்ட ராஸ்பெர்ரி பையில் கான்ஃபிகரை ஓட்டினேன். 'இது என்ன மெஷின்னு ஊகிக்க முடியலை, நீயே சொல்லு'ன்னு நின்னுடுச்சு. சரின்னு சொன்னேன். 'அப்படி ஒரு மெஷினே எனக்குத் தெரியாது'ங்குது!

கம்பைலர் மேலதான் முதல் சந்தேகம். அதைப் புதுப்பிச்சேன், லைப்ரரி லைப்ரரியா போட்டேன். ரெண்டு ராத்திரி வீண். குற்றவாளிங்க சோர்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாங்க... கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப்.

இதுங்களோட பூர்வீகம் 90-களின் தொடக்கம். அப்போ சன்ஓஎஸ், எச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ், அல்ட்ரிக்ஸ்னு யூனிக்ஸ் கடைக்கொரு ருசி. ஜிசிசியை நிறுவணும்னா மெஷின் பேரை நாமே கையால அடிக்கணும். 1991 கோடையில் டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃபை ஆரம்பிச்சார். அந்த வருஷங்களிலேயே பெர் பாத்னர் கான்ஃபிக்.கெஸ்ஸை எழுதினார். அதில் மந்திரம் ஒண்ணும் இல்லை. யூநேம் கட்டளை சொல்றதை வாங்கி, தன்கிட்ட இருக்கற நீளமான பட்டியலில் தேடும். அவ்வளவுதான். கிடைச்ச பேர் முறையானதான்னு பார்க்கறது கான்ஃபிக்.சப்.

நிறுவுறவர்கிட்ட ஆட்டோகான்ஃப் இருக்கணும்னு கட்டாயம் கூடாது, ஷெல்லும் மேக்கும் கம்பைலரும் போதும்னு எல்லாத்தையும் தார்பாலுக்குள்ளேயே கட்டி அனுப்பினாங்க. அருமையான யோசனைன்னுதான் எனக்கு இப்பவும் தோணுது. ஆனா மூட்டை கட்டின அன்னிக்கே பட்டியல் உறைஞ்சு போயிடும். ஏஆர்எம் தன்னோட 64 பிட் வடிவமைப்பை அறிவிச்சதே 2011 அக்டோபரில். 2004-ல் கட்டின மூட்டைக்கு அது எப்படித் தெரியும்?

டெபியன்காரங்களுக்கும் இதே தலைவலிதான். 2015-ல் வந்த ஜெஸ்ஸியில் 64 பிட் ஏஆர்எம்மைச் சேர்த்தாங்க. மூட்டைக்கு மூட்டை இந்த ஃபைல்களை மாத்திக்கிட்டே இருக்க முடியுமா? டெப்ஹெல்ப்பரோட 10-ஆம் நிலையில், 'உள்ளே வர்றதை நம்பாதே, கட்டும்போதே புதுசா உருவாக்கிக்கோ'ங்கறதையே இயல்பா வெச்சுட்டாங்க. ஆட்டோகான்ஃப் தேவைப்படவே கூடாதுன்னு தொடங்கின விஷயம், கடைசியில் அது இல்லாம கட்ட முடியாதுன்னு வந்து நின்னது!

என் கேஸுக்கு அவ்வளவு தூரம் போகலை. ஆட்டோடூல்ஸ்-டெவ் பேக்கேஜைப் போட்டதும் யூஎஸ்ஆர், ஷேர், மிஸ்க் ஃபோல்டரில் ரெண்டு ஃபைலோட புதுப் பிரதியும் வந்துடுச்சு. பழசு மேல காப்பி பண்ணி, மறுபடி கான்ஃபிகர், மேக். சி கோடில் ஒரு வரி கூடத் தொடலை, கம்பைல் ஆயிடுச்சு. இப்ப ஃபைல்கள் ஒண்ணொண்ணா மாறிக்கிட்டு இருக்கு. முதல்ல திறந்தது 2003-ல் அப்பா சொல்லச் சொல்ல நான் அடிச்ச ஊர்க்கதை. பதினோரு பக்கம், ஒரு எழுத்து சிதறலை.